செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நாலு நாள்: எந்த நாளில் எங்கே போவது?

கடலூர்க்காரன்:
ஜூன் மூன்றாம் வாரம் போகிறோம். மாஸ்கோவிலிருந்து ரயிலில் ஞாயிறு இரவு போய் இறங்குவோம். திங்கள் முதல் வியாழன் வரை நாலு முழு நாள் கையில் இருக்கு. கூட அம்மா, 68 வயது, முழங்கால் வலி, படி அதிகம் ஏற முடியாது, சுத்த சைவம். ஹெர்மிடாஜ், பீட்டர்ஹோஃப் நீரூற்று, அம்பர் அறை, ராத்திரி கப்பலுக்காகப் பாலம் திறப்பது இதெல்லாம் கட்டாயம் பார்க்கணும். எதை எந்த நாளில் வைக்கலாம்? பணம் எப்படிக் கொண்டுபோவது?

நெவாக்கரை:
முதலில் வார விடுமுறைகளைப் பாருங்க. இந்த ஊரில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு நாள் விடுமுறை. ஹெர்மிடாஜ் திங்கள், அம்பர் அறை இருக்கிற கேத்தரின் அரண்மனை செவ்வாய், ஐசக் தேவாலயமும் ரத்தத்தின் மேல் எழுந்த மீட்பர் தேவாலயமும் புதன். இது போக மாதத்தில் ஒரு நாள் சுத்தம் செய்ய மூடுவாங்க, கோடையில் சில விடுமுறைகள் மாறவும் மாறும். கிளம்பும் வாரத்தில் அந்தந்த இடத்தின் இணையதளத்தில் தேதியைப் போட்டுப் பார்த்துக்குங்க.

உங்க நாலு நாளுக்கு இப்படி வைக்கலாம்.

திங்கள் பீட்டர்ஹோஃப். அன்றைக்கு அங்கே பெரிய அரண்மனை மூடியிருக்கும், ஆனால் நீரூற்று தினமும் ஓடும். 11 மணிக்கு இசையோடு பெரிய அருவிப்படியைத் திறந்து விடுவாங்க. அதற்குள் உள்ளே போய்விடுங்க. சிங்கத்தின் வாயைப் பிளக்கும் சாம்சன் சிலையிலிருந்து தண்ணீர் 20 மீட்டர் எழும்பும். 1709-ல் பொல்தாவாவில் ஸ்வீடனை வென்ற நாள் புனித சாம்சனின் திருநாள், அந்த வெற்றியின் நினைவுதான் அந்தச் சிலை. இத்தனை நீரூற்றுக்கும் பம்பு கிடையாது. ரோப்ஷா மேட்டிலிருந்து 1721-ல் வெட்டிய கால்வாயில் வரும் தண்ணீர், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் மட்டுமே பீய்ச்சி அடிக்குது. அரண்மனை அறைகளை விட இதுதான் பார்க்க வேண்டியது.

செவ்வாய் ஹெர்மிடாஜ். ரஷ்யாவில் தரைத்தளத்தையே 1-ஆம் தளம் என்று எண்ணுவாங்க. ராஸ்ட்ரெல்லி கட்டிய குளிர்கால அரண்மனையின் முக்கியமான அறைகளும் ஓவியங்களும் 2-ஆம் தளத்தில், அதாவது நம்ம கணக்கில் முதல் மாடியில். அம்மாவுக்கு லிஃப்ட் உண்டு, வாசலிலேயே ஊழியரிடம் கேளுங்க. லியோனார்டோவின் இரண்டு மடோன்னா ஓவியங்களையும் (அறை 214), ரெம்ப்ராண்டின் ஊதாரி மைந்தனையும் (அறை 254) முதலில் பார்த்துவிடுங்க, நேரம் ஆக ஆக அங்கே நெரிசல்தான். மதியம் சதுக்கத்துக்கு எதிரே ஜெனரல் ஸ்டாஃப் கட்டடம்: மாட்டிஸின் ‘நடனம்’, செஸான், மோனே எல்லாம் 4-ஆம் தளத்தில் இருக்கு. பலர் இது வேற மியூசியம் என்று நினைத்து விட்டுவிட்டு வராங்க.

புதன் கேத்தரின் அரண்மனை. அசல் அம்பர் (பழங்கால மரப்பிசின் இறுகிய கல்) பலகைகளை 1941-ல் ஜெர்மானியர்கள் பெயர்த்துக்கொண்டு போனாங்க. இப்போது இருப்பது 2003-ல் திறந்த மறு உருவாக்கம். அரண்மனை இருக்கிற புஷ்கின் ஊருக்கு வித்தெப்ஸ்கி நிலையத்திலிருந்து புறநகர் ரயிலில் அரை மணி. அம்மா இருப்பதால் டாக்ஸி நல்லது.

வியாழன் இரண்டு தேவாலயங்கள். ஐசக் மேல்மாடத்துக்கு 262 படி, அம்மா கீழேயே இருக்கட்டும். மீட்பர் தேவாலயத்துக்குள் 7,000 சதுர மீட்டருக்கு மேல் மொசைக் இருக்கு. உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம்.

மீட்டர் கேஜ்:
பீட்டர்ஹோஃபுக்கு ஹெர்மிடாஜ் பின்னால் உள்ள படித்துறையிலிருந்து ‘மெட்டியோர்’ படகில் போங்க, 40 நிமிஷம் சுமார். கீழ்ப் பூங்காவிலேயே இறக்கி விடும், அங்கிருந்து கால்வாய் ஓரமாகச் சமதரையிலேயே அருவிப்படி வரை நடக்கலாம். தரைவழியாகப் போனால் மேல் பூங்காவிலிருந்து இறங்கி, திரும்பும்போது ஏறணும். படகு டிக்கெட்டில் பூங்கா நுழைவு சேராது. வெளியே வந்தால் மறுபடி உள்ளே போகவும் புது டிக்கெட் வேணும். திரும்பும் படகுக்கும் காலையிலேயே எடுத்துவிடுங்க. காற்று பலமானால் படகை நிறுத்திடுவாங்க. அப்போது மினிபஸ்ஸில் அவ்தோவோ மெட்ரோ. ஆழம் குறைந்த நிலையம், கண்ணாடி போர்த்திய தூண்கள் அத்தனை அழகு. மாறாக அட்மிரல்தேய்ஸ்கயா 86 மீட்டர் ஆழம். எஸ்கலேட்டரில் சில நிமிஷம் நின்றே ஆகணும்.

சில்லறை:
பணம்: இந்தியாவில் வாங்கிய விசா, மாஸ்டர்கார்டு 2022 மார்ச்சிலிருந்து அங்கே வேலை செய்யாது. டாலரோ யூரோவோ ரொக்கமாகத்தான் கொண்டுபோகணும். மடிப்பு, பேனாக் கீறல், முத்திரை இல்லாத புது நோட்டா பார்த்து வாங்குங்க, அழுக்கு நோட்டைத் திருப்பிக் கொடுத்திடுவாங்க. மாற்ற பாஸ்போர்ட் கேட்பாங்க. விமான நிலையத்தில் கைச்செலவுக்கு மட்டும் மாற்றிட்டு, மீதியை ஊருக்குள் வங்கியில் மாற்றுங்க. இதே காரணத்தால் மியூசியம், ரயில் டிக்கெட் தளங்களிலும் நம்ம கார்டு ஏறாது. ஹோட்டலிடம் முன்கூட்டி எழுதிக் கேட்டு எடுக்கச் சொல்லுங்க, ரொக்கமாகக் கொடுத்துக்கலாம். ஜூனில் கவுண்டரை நம்பிப் போனால் அன்றைய நேரங்கள் தீர்ந்து போயிருக்கும்.

2025-லிருந்து வெளிநாட்டவருக்கு சிம் வாங்குவதும் கஷ்டம், மொபைல் இணையமும் அவ்வப்போது நிற்கும். மேப்பை முன்பே இறக்கி வைங்க, ஹோட்டல் முகவரியை ரஷ்ய எழுத்தில் காகிதத்தில் வைங்க.

கடலூர்க்காரன்:
ரொம்ப நன்றி. ஹோட்டல் வாசிலியெவ்ஸ்கி தீவில் பார்த்து வெச்சிருக்கோம். சரியா வருமா?

நெவாக்கரை:
பாலம் பார்க்கிற ராத்திரிக்கு ஆகாது. அந்தத் தீவுக்குப் போகும் அரண்மனைப் பாலம் 1:10 சுமாருக்குத் தூக்கினால் 5 மணி வரை போகும். மெட்ரோவும் நள்ளிரவோடு சரி. இக்கரையில் நின்று பார்த்துவிட்டு அக்கரை போக டாக்ஸி சுங்கச் சாலை வழியாகச் சுற்றிப் போகணும். நெவ்ஸ்கி சாலை பக்கம், கோஸ்தினி துவோர் அருகே மாற்றிக்குங்க. அட்மிரல்தேய்ஸ்கயா படித்துறையில் 12:30-க்கே இடம் பிடித்தால், திறந்த இரண்டு இறக்கைக்கு நடுவே பீட்டர்-பால் கோட்டையின் கோபுரம் தெரியும். ஆற்றுக் காற்று ஜூனிலும் குளிரும், அம்மாவுக்கு ஸ்வெட்டர் போதாது, காற்று புகாத கோட் வேணும்.

மீட்டர் கேஜ்:
சாப்பாடு: ‘பெஸ் மியாசா’ என்றால் இறைச்சி இல்லாமல். ஆனால் மீன், கோழியை இறைச்சியாக எண்ணாதவர்கள் உண்டு, தனியாகச் சொல்லணும். போர்ஷ் சூப் பெரும்பாலும் மாட்டிறைச்சி வேகவைத்த நீரில்தான் வைப்பாங்க. ஜார்ஜிய உணவகங்கள் வசதி: பாலாடைக்கட்டி வைத்த கச்சாபுரி, ராஜ்மா மாதிரி லோபியோ.

வியாழன் நேரம் மிஞ்சினால் குன்ஸ்ட்கமெரா மியூசியம் போங்க. ரஷ்ய இனவியல் ஆய்வாளர்களான மெர்வார்த் தம்பதி 1914 முதல் 1918 வரை இந்தியாவிலும் இலங்கையிலும் சேகரித்த பொருள்கள் அந்த மியூசியத்துக்குத்தான் வந்தன. அலெக்சாந்தர் மெர்வார்த் 1929-ல் தமிழ்ப் பேச்சுமொழிக்கு ரஷ்ய மொழியில் இலக்கணமே எழுதியிருக்கார்.