டிரெஸ்டன் ஓபரா ஹவுஸ்ல ஓக் மரம்னு நினைச்சது பிளாஸ்டராம், யாருங்க இந்த செம்பர்?

நீலக்குடை:
போன வாரம் ஜெர்மனில டிரெஸ்டன் போனப்ப செம்பர் ஓபராவை டூர்ல சுத்திப் பாத்தோம். மாடில மரப்பலகை பதிச்ச சுவர் ஒண்ணு, சூப்பரா இருக்கேன்னு கிட்ட போய் பாத்தா கைடு சிரிச்சுக்கிட்டே அது மரமே இல்ல, பிளாஸ்டர் மேல பெயிண்ட்னு சொல்றாங்க, மரத்தோட ரேகை வரைக்கும் கையால இழுத்துருக்காங்க. மார்பிள் தூண்லயும் நிறைய இதே கதைதான், ஜிப்சம்ல கலர் சேத்து பாலிஷ் போட்டது. வெளிய பாத்தா இத்தாலில மறுமலர்ச்சி காலத்து அரண்மனை மாதிரி இருக்கு, ஆனா 1878ல கட்டுனதுன்னு போர்டு. டிசைனும் பழைய காப்பி, பொருளும் டூப்பு, அப்புறம் எதுக்கு இதை டிசைன் பண்ண ஆர்க்கிடெக்ட் காட்ஃப்ரீட் செம்பரை 19ஆம் நூற்றாண்டோட பெரிய தலைன்னு கொண்டாடுறாங்க? நான் கட்டட லைன் இல்ல, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மொட்டைமாடி:
முதல்ல ஒண்ணு, நீங்க பாத்தது முழுசா 1878ல கட்டுனதும் இல்ல. செம்பர் அங்க கட்டுன முதல் தியேட்டர் 1841ல திறந்தது, இசையமைப்பாளர் வாக்னரோட டான்ஹாய்சர் ஓபரா எல்லாம் முதல்ல மேடை ஏறுனது அதுலதான். 1869ல தீப்பிடிச்சு போச்சு. ரெண்டாவது 1878ல வந்துச்சு, டிசைன் அவரோடது, ஆனா சைட்ல நின்னு கட்டுனது அவர் பையன் மான்ஃப்ரெட். அதுவும் 1945 பிப்ரவரி 13 குண்டுவீச்சுல காலி, வெளிச்சுவர்தான் பெரும்பாலும் மிஞ்சுச்சு. கிழக்கு ஜெர்மனி ஆட்சில 1977ல வேலையை ஆரம்பிச்சு, சரியா 40 வருஷம் கழிச்சு 1985ல அதே பிப்ரவரி 13 அன்னிக்கு திறந்தாங்க. அதனால அந்த மர ரேகையை நீங்க பாத்த மாதிரி இழுத்தது 19ஆம் நூற்றாண்டு ஆள் இல்ல, அந்தக் கைவேலையை திரும்ப கத்துக்கிட்டு செஞ்ச நம்ம காலத்து கைவினைஞர்கள்.

இப்ப காப்பி விஷயம். அந்தக் காலத்துல ஜெர்மனி முழுக்க இதுதான் சண்டை, எந்த ஸ்டைல்ல கட்டுறதுன்னு. ஒருத்தர் கிரேக்கம்பார் ஒருத்தர் கோதிக்தான் நம்ம பாணிம்பார். செம்பர் கட்டடத்தோட வேலையைப் பாத்து பாணியை எடுத்தார். டிரெஸ்டன்லயே சினகாக் (யூதர்களோட வழிபாட்டு இடம்) கட்டுனப்ப (1838லேர்ந்து 1840) வெளிய ரோமானெஸ்க் (கோதிக்குக்கு முந்தின ஐரோப்பிய பாணி), உள்ள மூரிஷ் (ஸ்பெயின் பக்கத்து இஸ்லாமிய பாணி). தியேட்டருக்கு மறுமலர்ச்சி. அதுலயும் முதல் தியேட்டர்ல முன்பக்கத்தை வளைவா விட்டார், ஏன்னா உள்ள ஜனங்க உக்கார்ற ஹால் வளைவு. உள்ள இருக்கறது வெளிய தெரியணும், இது இத்தாலி அரண்மனைலேர்ந்து அடிச்ச காப்பி இல்ல.

தூக்கம்வராதவன்:
ராடெபெர்கர் பீர் விளம்பரத்துல அந்த பில்டிங்கதான் காட்டுவாங்க, அதைப் பாத்துட்டு ஜெர்மன்காரங்களே அதை பீர் ஃபாக்டரின்னு நினைச்சாங்கன்னு ஒரு ஜோக் உண்டு. நானும் அந்த லிஸ்ட்ல ஒருத்தன் 😂

சுண்ணாம்புக்கை:
@நீலக்குடை உங்க மரம் மேட்டருக்கு பதில் அவர் எழுத்துலயே இருக்கு. நான் கட்டட வேலைல இருக்கேன், அவர் கட்டுனதை விட எழுதுனதுதான் எனக்குப் பிடிக்கும்.

சின்ன வயசுல இத்தாலி கிரீஸ்னு சுத்துனவர், பழைய கோயில்கள்ல பெயிண்ட் ஒட்டிட்டு இருக்கறதை தேடித்தேடி பாத்தார். அப்ப எல்லாரும் கிரேக்கம்னா பால் வெள்ளை மார்பிள்னு உருகிட்டு இருந்தாங்க, இவர் 1834ல ஒரு சின்ன புத்தகம் போட்டு எல்லாம் கலர் அடிச்சதுய்யான்னு கல்லை எறிஞ்சார். அங்கேர்ந்து அவர் யோசனை எங்க போச்சுன்னா, மனுஷனோட முதல் சுவர் கல்லே இல்ல, முடைஞ்ச தட்டியும் பாயும்தான், கல் பின்னாடி முட்டுக் குடுக்க வந்தது. ஜெர்மன்ல சுவருக்கு வாண்ட், உடுப்புக்கு கெவாண்ட், ரெண்டும் ஒரே குடும்பம்னு பிடிச்சுக்கிட்டார். கட்டடத்துக்கு நாலு அங்கம், அடுப்பு, மேடை, கூரை, மறைப்பு. 1851 லண்டன் கண்காட்சில டிரினிடாட் குடிசை மாதிரி ஒண்ணைப் பாத்து இந்தா இருக்கு நாலும்னு குஷியாயிட்டார். ஆக அவருக்கு மேல போர்த்துற உடுப்புதான் சுவர், அது எந்தப் பொருள்ங்கறது அப்புறம். பிளாஸ்டர்ல மரம் வரையறது அவர் கணக்குல ஏமாத்து வேலை இல்ல.

கல்லூரிபாதியில்:
இதை நான் ஒத்துக்க மாட்டேன். உடுப்பு சரி, ஆனா உடுப்பு தன்னை உடுப்புன்னு காட்டிக்கணும்ல. ஆர்க்கிடெக்ட் அடால்ஃப் லோஸ், அதே டிரெஸ்டன்ல படிச்ச ஆள், செம்பர் சொன்னதையே எடுத்துக்கிட்டு 1898ல திருப்பி அடிச்சார்: மரத்துக்கு எந்த கலர் வேணா அடி, மரக் கலர் மட்டும் அடிக்காத. போர்த்துனது எதுக்கு மேல போர்த்திருக்கோ அதுவாவே தெரியக் கூடாதுன்னு. ஒரு பொருள் இன்னொண்ணு மாதிரி நடிக்கறதையே அவர் திட்டுனார், ஓக் மாதிரி பிளாஸ்டர் அதுல ஃபெயில்.

வியன்னால அவர் கை வச்ச பர்க்தியேட்டர்ல (ஹாசெனாவர்ங்கற இன்னொரு ஆர்க்கிடெக்ட் கூட சேந்து செஞ்சது) 1888ல திறந்துட்டு 1897ல ஹாலை மாத்திக் கட்ட வேண்டி வந்துச்சு, சத்தம் சரியா கேக்கலைன்னு. அழகு இருந்து என்ன.

மொட்டைமாடி:
@கல்லூரிபாதியில் பர்க்தியேட்டரை முழுசா அவர் தலைல கட்டாதீங்க, ஹாசெனாவர் கூட ஒத்துப் போகாம 1876 வாக்குல வியன்னாவை விட்டே கிளம்பிட்டார், மிச்சத்தை முடிச்சது ஹாசெனாவர். லோஸ் பாயிண்ட் செம, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

நீலக்குடை:
இவ்ளோ பதில் எதிர்பாக்கல, நன்றி. ஒரு டவுட், ரெண்டாவது தியேட்டரை ஏன் அவரே வந்து நின்னு கட்டல? வயசா?

சுண்ணாம்புக்கை:
வயசும்தான், வியன்னால வேலையும் கழுத்து வரைக்கும். ஆனா அதுக்கு முன்னாடி பெரிய கதை இருக்கு. 1849 மே மாசம் டிரெஸ்டன்ல ராஜாவுக்கு எதிரா கலகம், ராஜா சம்பளம் வாங்குன ப்ரொஃபசர் செம்பரும் ராஜா ஓபரால பேண்ட் மாஸ்டரா இருந்த வாக்னரும் கலகக்காரங்க பக்கம் நின்னாங்க. தெருவுல தடுப்பு போட்டுட்டு இருந்தாங்க, அது சரியில்லைன்னு செம்பருக்கு பொறுக்கல, பக்காவா கட்டிக் குடுத்தார்னு வாக்னரே தன் சுயசரிதைல எழுதிருக்கார். தோத்ததும் ரெண்டு பேரும் ஓட்டம். செம்பர் மேல வாரண்ட், 1863ல தான் அது ரத்தாச்சு. அவர் ஆரம்பிச்ச ஓவிய கேலரி (ஸ்விங்கர் அரண்மனையை ஒட்டி இருக்கே அது) அவர் இல்லாமலே முடிஞ்சுது. பாரீஸ், லண்டன்னு பிழைப்பு, வெலிங்டன் பிரபு செத்தப்ப சவ வண்டி டிசைன்ல கூட கை வச்சிருக்கார். 1855ல சூரிக் பாலிடெக்னிக் வேலை குடுத்துச்சு, அதுதான் இன்னிக்கு ஈடிஹெச் யுனிவர்சிட்டி, அதோட மெயின் பில்டிங் அவரோடதுதான். தியேட்டர் எரிஞ்சப்ப எங்களுக்கு செம்பர்தான் வேணும்னு டிரெஸ்டன் ஜனங்களே கேட்டாங்க.

தூக்கம்வராதவன்:
தியேட்டரும் கட்டி தடுப்பும் கட்டி 😮 சரி அந்த சினகாக் இன்னும் இருக்கா? அடுத்த மாசம் போறேன்.

மொட்டைமாடி:
இல்லப்பா. 1938 நவம்பர் 9 ராத்திரி நாஜிகள் கொளுத்திட்டாங்க. கோபுர உச்சில இருந்த தாவீது நட்சத்திரத்தை ஒரு தீயணைப்பு வீரர் எடுத்து ஒளிச்சு வச்சு போர் முடிஞ்சப்புறம் திருப்பிக் குடுத்தார். 2001ல அதே இடத்துல புது சினகாக் வந்துச்சு, பழசு மாதிரி கட்டல, கொஞ்சம் கொஞ்சமா திரும்பிக்கிட்டே மேல போற மொட்டை கனசதுரம். வாசலுக்கு மேல அந்த நட்சத்திரம் மட்டும் இருக்கும், பாருங்க.