இல்லினாய் ப்ளூமிங்டனில் வீடு: 1,050 டாலரா, 1,195 டாலரா?

ஜெர்சிவாசி:
வரும் ஆகஸ்டில் ஜெர்சி சிட்டியிலிருந்து ப்ளூமிங்டன் போகிறோம். ஸ்டேட் ஃபார்ம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்ட், இப்போதைக்கு ஒரு வருடம் என்கிறார்கள், நீட்டிப்பார்களா என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. நான், மனைவி (எச்4, அதாவது வேலைக்கு வருபவரின் துணைக்கான விசா), மூன்று வயதுப் பெண். போனிலேயே இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறேன், இரண்டும் இரண்டு பெட்ரூம். ஒன்று 1,050 டாலர், கரண்ட், தண்ணீர் எல்லாம் நம் கணக்கு. இன்னொன்று 1,195, ஹீட்டிங்கும் தண்ணீரும் வாடகையிலேயே அடக்கம். இங்கே 2,400 அழுகிறவனுக்கு இரண்டுமே சும்மா கொடுப்பது மாதிரிதான், அதனால் 1,050-க்கே போய்விடலாமா? இன்னொன்று, எங்களிடம் கார் இல்லை. சமாளிக்க முடியுமா?

சோளக்காட்டான்:
1,050 வீட்டில் ஹீட்டர் கேஸா கரண்டா என்று முதலில் கேளுங்கள். ஜன்னலுக்குக் கீழே சுவரோரமாக நீளமாகத் தகரப் பெட்டி ஓடி, அறைக்கு அறை தனித் திருகு இருந்தால் அது கரண்ட் ஹீட்டர். ஊரைச் சுற்றிச் சோளக்காடு, காற்றைத் தடுக்க ஒரு மேடு கிடையாது, ஜனவரியில் சில நாள் மைனஸ் 20 செல்சியஸ் வரை இறங்கும். எங்கள் பழைய வீட்டில் கோடையில் 80 டாலருக்குள் வந்த பில் ஜனவரியில் 300-ஐத் தாண்டியது. குளிர்கால ஐந்து மாதத்துக்கு மாதம் 200 கூடுதல் என்று வைத்தால் 1,000, தண்ணீருக்கு மாதம் 60 வீதம் 720, ஆக 1,720. உங்கள் இரண்டு வாடகைக்கும் வருட வித்தியாசம் 1,740. இருபது டாலருக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 1,050-ஐயே எடுத்தால் கரண்ட் கம்பெனியான அமெரனில் பட்ஜெட் பில்லிங் போட்டுவிடுங்கள், வருடச் செலவைச் சராசரியாக்கி மாதாமாதம் வாங்கிக்கொள்வார்கள். மொத்தம் குறையாது, ஆனால் ஜனவரியில் தலையில் இடி விழாது.

ராஜி_நார்மல்:
கார் இல்லாமல் முடியாது தம்பி. கனெக்ட் டிரான்சிட் பஸ் ஓடுகிறது, ஆனால் பனியில் சின்னக் குழந்தையோடு ஸ்டாப்பில் நிற்பதை யோசித்துப் பாருங்கள். வெட்டரன்ஸ் பார்க்வே என்ற பெரிய சாலையை நடந்து தாண்டுவதும் லேசான காரியம் இல்லை. பழைய கரோலா ஒன்று, இன்ஷூரன்ஸ், பெட்ரோல் எல்லாம் சேர்ந்து மாதம் 400, 500 போகும், அதையும் வாடகையோடு சேர்த்தே பாருங்கள். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது, நீங்கள் காரை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போன பிறகு வீட்டில் இருப்பவர் எங்கே போவார் என்பது. கான்ஸ்டிட்யூஷன் டிரெயிலுக்குப் பக்கத்தில் வீடு கிடைத்தால் இன்னும் 50 டாலர் கொடுத்தாவது எடுங்கள். பழைய ரயில் பாதையை நடைபாதையாக்கியது, பெரும்பாலும் சமதரை, குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு எவ்வளவு தூரமும் போகலாம். நான் எச்4-இல் வீட்டில் இருந்த காலத்தில் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியது அதுதான்.

கணக்கன்:
ஜெர்சியை விட்டால் பணம் கொட்டும் என்ற நினைப்பு வேண்டாம். இல்லினாயில் மாநில வருமான வரி எல்லாருக்கும் ஒரே விகிதம், 4.95%. ஜெர்சியில் அடித்தட்டு 1.4%-இல்தான் ஆரம்பிக்கிறது, கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் ஒரு லட்சம் டாலர் சம்பளத்துக்கு இல்லினாயில் 1,500 டாலருக்கு மேல் கூடுதலாகப் போகும். மிஞ்சும், ஆனால் 2,400-இல் 1,050 போனால் பாக்கி எல்லாம் நம் பைக்குத்தான் என்று கணக்குப் போடாதீர்கள்.

இன்னொன்று, யார் உங்களிடம் சொன்னார்களோ தெரியாது, இது இப்போது மலிவான ஊர் இல்லை. மிட்சுபிஷி மூடிவிட்டுப் போன தொழிற்சாலையில் ரிவியன் கம்பெனி 2021-இல் மின்சார வண்டி செய்ய ஆரம்பித்தது, ஆள் வந்த வேகத்துக்கு வீடு வரவில்லை.

சோளக்காட்டான்:
வாடகையைவிட லீஸை, அதாவது வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஒரு வருடம் கையெழுத்துப் போட்டு நாலாம் மாதம் கான்ட்ராக்ட் முடிந்தால், பல இடத்தில் 60 நாள் நோட்டீஸோடு இரண்டு மாத வாடகை கேட்பார்கள், அது எழுத்தில் என்ன இருக்கிறது என்று படித்துவிடுங்கள். லீஸில் எதுவும் இல்லையென்றால், காலியான வீட்டுக்கு வேறு ஆள் தேட நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்று இல்லினாய்ச் சட்டம் வீட்டுக்காரரைச் சொல்கிறது. சாவி வாங்கிய அன்றே கம்பளக் கறை, சுவர் ஓட்டை எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அவர்களுக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். ஐந்தோ அதற்கு மேலோ வீடுகள் உள்ள கட்டிடமென்றால், டெபாசிட்டில் சேதத்துக்குப் பிடிப்பதற்கு 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும், பிடிக்க எதுவும் இல்லையென்றால் 45 நாளுக்குள் முழுசாகத் திருப்ப வேண்டும்.

ஜெர்சிவாசி:
எல்லாருக்கும் நன்றி. 1,195 வீட்டில் பேசினேன். ஆறு மாத லீஸும் தருவார்களாம், மாதம் 75 கூட. போட்டுவிடவா?

ராஜி_நார்மல்:
ஆகஸ்டில் ஆறு மாதம் போட்டால் ஜனவரிக் கடைசியில் முடியும், பனியில் யார் சோஃபா தூக்குவது? ஒன்பது மாதம் கேட்டுப் பாருங்கள், ஏப்ரலில் முடியட்டும். அப்புறம் டிரக்கை இப்போதே பதிந்துவிடுங்கள், ஆகஸ்ட் நடுவில் இல்லினாய் ஸ்டேட் யூனிவர்சிட்டி மாணவர்கள் மொத்தமாக வந்து இறங்குவார்கள், ஒரு வண்டி மிஞ்சாது.