புதுப்பிப்பு: மகளின் சிறுநீர்ப்பை ஆபரேஷன் முடிந்தது, ஷன்ட்டில் தொற்று இல்லை

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: என் மகளுக்குப் பிறவியிலேயே ஸ்பைனா பிஃபிடா (முதுகெலும்பு சரியாக மூடாத குறை), மூளையில் சேரும் நீரை வடிக்கத் தலையிலிருந்து வயிற்றுக்குள் இறங்கும் ஷன்ட் குழாய் இருக்கிறது. குடலில் ஒரு துண்டை எடுத்துச் சிறுநீர்ப்பையைப் பெரிதாக்கும்போது அந்தக் குழாயில் கிருமி ஏறிவிடுமோ என்று இங்கே கேட்டிருந்தேன் (எங்கள் ஊர் தொண்டி).

பெரிதும் உதவியது, முதலில் சிறுநீர் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்ற சோதனை) பார்க்கச் சொல்லி இங்கே பதில் எழுதிய அக்காவின் யோசனைதான். காய்ச்சல் எதுவும் இல்லாமலே ஈ.கோலை என்ற கிருமி வளர்ந்திருந்தது. டாக்டர் தேதியைத் தள்ளிவைத்து, அதற்கேற்ற ஆன்டிபயாடிக் கொடுத்து, மறு கல்ச்சர் சுத்தமாக வந்த பிறகுதான் மதுரையில் அட்மிட் செய்யச் சொன்னார். கீறுவதற்கு முன்பே ஊசியில் ஆன்டிபயாடிக் போட்டார்கள், வயிற்றைத் திறந்ததும் ஷன்ட் நுனியை மருந்தில் நனைத்த துணியால் சுற்றி, குடலைத் தைக்கும் இடத்திலிருந்து ஒதுக்கிவைத்தார்களாம்.

நாங்கள் எதிர்பார்க்காதது லேடெக்ஸ். இந்தப் பிள்ளைகளுக்கு ரப்பர் அலர்ஜி அதிகம் என்று மயக்க மருந்து டாக்டர் சொல்லி, கையுறை முதல் சிறுநீர்க் குழாய் வரை லேடெக்ஸ் இல்லாததாக மாற்றினார். இதை எல்லாரும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், குடல் துண்டு சளி சுரந்துகொண்டே இருக்கும், வீட்டில் சலைன் விட்டுக் கழுவாவிட்டால் அடைப்பும் கல்லும் வரலாம். காய்ச்சல், வயிற்றுவலி, வாந்தி, தலைவலி, தூக்கக்கலக்கம் வந்தால் காத்திருக்காமல் கிளம்பிவிடச் சொல்லியிருக்கிறார்கள், ஏனென்றால் சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்தாலும் ஷன்ட் கெட்டாலும் அறிகுறி ஏறக்குறைய ஒன்றுதான், இவளுக்கு உணர்வு குறைவு, வலியே தெரியாமலும் போகலாம். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.