ஹட்டன் டவுனில் கலைக்கூடம் கட்டினால் யார் உள்ளே வருவார்கள்?

டிக்கோயாப் பொண்ணு:
கட்டடக்கலை கடைசி வருடம். இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஹட்டன் டவுனுக்கு ஒரு கலைக்கூடம் வரைவதுதான் என் புராஜெக்ட். பஸ் ஸ்டாண்டுக்கும் கடைத்தெருவுக்கும் நடுவில் சரிவான காணி ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டேன். பிளான் நன்றாகத்தான் வந்திருக்கிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க வரும் தோட்டத்துச் சனம் இதற்குள் காலெடுத்து வைக்குமா? யோசனை சொல்லுங்கள்.

கொழுந்துக்கூடை:
தங்கச்சி, முதலில் அந்த கேட்டைத் தூக்கு. துரை பங்களா மாதிரி வாசல் வைத்தால் நம் ஆட்கள் ரோட்டிலேயே நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஜப்பானில் கனசாவா நகரத்தில் 2004இல் திறந்த கலைக்கூடம் வட்டமான கண்ணாடிக் கட்டடம். முன்பக்கம், பின்பக்கம் என்றே கிடையாது, பல பக்கமும் வாசல், டிக்கெட் எடுக்காமலே பாதி இடத்தைச் சுற்றலாம். உனக்குச் சரிவு இன்னும் வசதி. மேல் ரோட்டிலிருந்து கீழ் ரோட்டுக்கு இறங்கும் குறுக்குவழியைக் கட்டடத்துக்குள்ளேயே விட்டு, மேலே கூரை போட்டுவிடு. இங்கே பெய்கிற மழைக்கு ஒதுங்கவாவது வருவார்கள்.

மாசிக்கூத்தன்:
வழி சரி, சுவரில் என்ன மாட்டப் போகிறாய்? கொழுந்து பறிக்கும் பெண் சிரிக்கிற படம் தேயிலைப் பெட்டியிலேயே இருக்கிறது. கம்பளைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தைப் தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்து வரிசை வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள், ஒருதரம் போய்ப் பார். அப்புறம், நம் ஊர்க் கலை பாதி சுவரில் மாட்டுகிற சங்கதியே இல்லை. மன்மதன் கதையை ஆடுகிற காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்ற மண் தரை வேண்டும், தப்புப் பறை அடிக்கிறவர் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்ச வேண்டும், இந்தப் பனியில் காய்ச்சாத தப்பு எங்கே பேசும்? முற்றம் முழுக்க டைல்ஸ் பதித்து, புகைக்கு அலறுகிற அலாரமும் வைத்தால் கூத்தை டிவியில்தான் ஓட்டவேண்டும். பிரேசிலில் சாவோ பாவ்லோ நகரத்தில் 1968இல் திறந்த கலைக்கூடத்தை லீனா போ பார்டி என்ற கட்டடக்கலைஞர் தூணில் தூக்கி நிறுத்தி, அடியில் 70 மீட்டருக்கு மேல் நீளத்துக்கு வெறுமனே விட்டார். சந்தை, கச்சேரி, ஆர்ப்பாட்டம் எல்லாம் அங்கே நடந்திருக்கிறது.

டிக்கோயாப் பொண்ணு:
மண் தரைக்கு எங்கள் சேர் என்ன சொல்வாரோ! வரைந்து காட்டுகிறேன் அண்ணே.

மேட்டுலயம்:
இவ்வளவு பேசினீர்கள், டொய்லட்டை யாரும் சொல்லவில்லை. பிள்ளையோடு டவுனுக்கு வரும் பொம்பளைகள் முதலில் தேடுவது அதைத்தான். சுத்தமாக, காசு வாங்காமல், கண்ணில் படுகிற இடத்தில் வை. மா மூட்டையை இறக்கி வைக்க ஒரு திண்ணையும் போடு. போர்டு தமிழிலும் சிங்களத்திலும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும்.