லவான் ஏரியில் இலையுதிர்கால கிராப்பி: கரையிலிருந்து எங்கே போடலாம்?

வணக்கம். டெக்சாஸில், டாலஸுக்கு வடகிழக்கே, வைலி பக்கம் உள்ள லவான் ஏரியில் கிராப்பி என்ற நன்னீர் மீனுக்குத் தூண்டில் போடுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வசந்தத்தில் பிரச்சினை இல்லை. தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியதும் கிராப்பி முட்டையிடக் கரையோரம் வந்துவிடும். மிதவைக்குக் கீழே இரண்டு மூன்று அடியில் உயிருள்ள சிறு மீனைத் தொங்கவிட்டால் போதும். ஆனால் அக்டோபர், நவம்பரில் என்ன செய்கிறீர்கள்? கோடையில் ஆழத்துக்குப் போன கூட்டம், தண்ணீர் குளிரக் குளிர மேலேறி, மூழ்கிய மரங்களையும் பாலத் தூண்களையும் ஒட்டி நிற்கும் என்பது தெரியும். அந்த ஆழத்தைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. கிராப்பி மேல்நோக்கி இரையெடுக்கும் மீன். இரை அதற்குக் கீழே இறங்கிவிட்டால் பெரும்பாலும் சீண்டாது. என்னிடம் படகும் இல்லை, மீன் நிற்கும் ஆழத்தைக் காட்டும் சோனார் கருவியும் இல்லை.

கேட்பதற்குக் காரணம் அப்பா. ஊர்க் கண்மாயில் விரால் பிடித்துப் பழகிய கை. அக்டோபர் கடைசியில் இங்கே வருகிறார். முட்டி வலி இருப்பதால் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து அதிக தூரம் நடக்க முடியாது. அவர் நாற்காலி போட்டு உட்காரும்படி ஒரு இடம் சொல்லுங்கள். அப்புறம், இந்தக் கலங்கல் தண்ணீருக்கு 1/16 அவுன்ஸ் ஜிக்கில் (முள்ளோடு எடைத் தலை சேர்ந்த செயற்கை இரை) எந்த நிறம் எடுபடுகிறது?

அவருக்கு வெளியூர்க்காரர் உரிமம் வாங்கிவிடுவேன். நாளுக்கு 25 வரை அனுமதி உண்டு, அவ்வளவு வேண்டாம். 10 அங்குலத்துக்குக் குறையாமல் நாலைந்து கிடைத்தால் வறுவலுக்குப் போதும்.