மறு: யூவிங் சார்கோமாவுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவில் எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் பெரும்பாலும் எலும்பில் வரும் புற்றுநோயான யூவிங் சார்கோமாவுக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம்.

> 'சார்கோமா' என்பதன் கிரேக்க மூலத்துக்குச் சதை என்றுதான் பொருள். 'யூவிங் சதைப்புற்று' என்றே வைத்துவிடலாமே?

மூலம் சரிதான் ஐயா. ஆனால் இந்தச் சொல் போய்ச் சேரவேண்டிய இடம் வடசென்னையில் வியாசர்பாடி, கொடுங்கையூர், காசிமேடு பள்ளிகளுக்கு நாங்கள் அச்சடிக்கும் துண்டறிக்கை. எங்கள் பக்கம் பந்தாடாத பையன்கள் குறைவு. கால் வலிக்கிறது என்றால் ஆட்டத்தில் அடிபட்டது, சுளுக்கு, வளர்கிற வயசு என்று காரணங்கள் தயாராக இருக்கும். எண்ணெய் போட்டு நீவுவார்கள், அப்புறம் புத்தூர் கட்டு. வாரங்கள் ஓடிவிடும். இந்த நோயில் அந்த இடத்தை அழுத்தி நீவவே கூடாது. பெயரிலேயே 'சதை' இருந்தால் சதைப்பிடிப்பு என்று நினைத்து மறுபடி எண்ணெய்க் கிண்ணத்தைத்தான் எடுப்பார்கள்.

> அப்படியானால் 'எலும்புக்கட்டி'?

அதுவும் வேண்டாம் அக்கா. இதில் சில பிள்ளைகளுக்கு வலியோடு வீக்கமும் சூடும் காய்ச்சலும் வரும். எலும்பில் சீழ் வைத்திருக்கிறது என்று மருத்துவர்களே முதலில் எண்ணுவதுண்டு. கட்டி என்றால் பற்றுப் போட்டுப் பழுக்க வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை.

இது எங்கே பிறக்கிறது என்பதை வைத்துப் பெயரிடுவதிலும் சிக்கல் உண்டு. நியூயார்க்கின் நோயியல் மருத்துவர் ஜேம்ஸ் யூவிங் 1921இல் இதை விவரித்தபோது, ரத்தக்குழாயின் உட்படலத்திலிருந்து வருகிறது என்று கருதி அதற்கேற்ற பெயரைத்தான் வைத்தார். அந்தக் கருத்து நிற்கவில்லை. எந்த உயிரணுவில் தொடங்குகிறது என்ற வாதம் இன்றும் முடியவில்லை. போதாததற்கு, எலும்பைத் தொடாமல் மென்திசுவில் மட்டும் இது தோன்றுவதும் உண்டு. ஆகவே என் முன்மொழிவு வெறும் 'யூவிங் புற்று'. யூ + இங் சேரும்போது இடையில் வகர உடம்படுமெய் தானாக வருகிறது, எழுத்துக்கூட்டலில் சண்டை இல்லை. முதல் முறை வரும் இடத்தில் 'யூவிங் சார்கோமா' என்றும் சேர்த்து எழுதுவோம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ மருத்துவர் வாயில் அந்தப் பெயர்தான் வரும்.

இது பரம்பரை நோய் அல்ல என்ற வரி தடித்த எழுத்தில் போகவேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பெரும்பாலான பிள்ளைகளில் 11, 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம்மாறி இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன. அது புற்றணுக்களில் மட்டும் நடப்பது, தாய் தந்தையிடமிருந்து வருவதில்லை. 'எங்க வம்சத்துல யாருக்கும் இல்லையே, நான் என்ன பாவம் பண்ணினேன்' என்று அழும் அம்மாவுக்கு இந்த ஒரு வரி அவ்வளவு முக்கியம்.

'என்புப்புற்று' என்று யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அன்பர் எழுதியிருந்தார். அழகான பழஞ்சொல். ராயபுரத்தில் எலும்பு என்றால்தான் புரியும்.

இன்னொரு சொல்லும் வேண்டும். பிள்ளைகளின் எலும்புப் புற்றுகளில் யூவிங்கைவிட அதிகம் வருவது ஆஸ்டியோசார்கோமா, பெரும்பாலும் முழங்காலை ஒட்டி. அதன் புற்றணுக்கள் தாமே முதிராத எலும்பை உண்டாக்கும். யூவிங்கில் அது கிடையாது. யூவிங் கதிர்வீச்சுக்கு நன்றாக மசியும், மற்றது அவ்வளவாக மசியாது. மருந்துகளின் சேர்க்கையும் வேறு. இரண்டையும் 'எலும்புப் புற்று' என்ற ஒரே சொல்லால் குறித்தால், அடுத்த படுக்கைப் பிள்ளைக்குக் கதிர் வைக்கிறார்கள், என் பிள்ளைக்கு ஏன் வைக்கவில்லை என்று பெற்றோர் தவிப்பார்கள். அதனால் ஆஸ்டியோசார்கோமாவுக்கு 'எலும்பாக்கப் புற்று' என்று வைத்திருக்கிறேன்.

துண்டறிக்கையின் முதல் பத்தி இப்போதைக்கு இது:

"பிள்ளைக்கு ஒரே இடத்தில் வலி சில வாரங்களாகியும் விடவில்லையா? இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறதா? வீக்கம் தெரிகிறதா? நீவாதீர்கள். அரசு மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள். பரவும் முன் கண்டுபிடித்து, மருந்தும் அறுவையும் கதிர்வீச்சும் தேவைப்படி முழுதாக முடித்தால், யூவிங் புற்று வந்த பிள்ளைகளில் 10 பேருக்கு ஏறக்குறைய 7 பேர் 5 ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். பல பிள்ளைகளுக்குக் காலை எடுக்காமலே அறுவை செய்ய முடிகிறது."

எனக்கு ஒரே ஒரு தயக்கம். 'எலும்பாக்கம்' என்பதை உடலில் இயல்பாக எலும்பு உருவாவதற்கும் எழுதுகிறோம். அதோடு குழம்புமா? குழம்பும் என்றால் அச்சுக்குப் போகும் முன் வேறு சொல் தாருங்கள்.