காலி செய்த வீட்டுக்கு யார் பெயிண்ட் அடிப்பது?

வேளச்சேரிவாசி:
மூன்று வருடம் இருந்த வீட்டைப் போன வாரம் காலி செய்தேன். வாடகை 15,000, அட்வான்ஸ் ஒரு லட்சம். கைக்கு வந்தது 76,500. பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை, பாத்ரூம் டைல்ஸை ஆசிட் போட்டுக் கழுவ 4,500, கீசருக்கு 2,800, கிச்சன் டிரெயின் அடைப்புக்கு 1,200 என்று பிடித்துவிட்டார்கள். பெருக்கித் துடைத்துத்தான் சாவியைக் கொடுத்தேன். 2017 வாடகைச் சட்டப்படி சுவருக்கு வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. பிறகு எந்தக் கணக்கில் இது?

மடிப்பாக்கம் ஓனர்:
சட்டத்தைப் பாதியில் மூடிவிட்டீர்கள் தம்பி. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த அந்தச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் குடியிருப்பவர் பங்கும் இருக்கிறது. டேப், வாஷர் மாற்றுவது, டிரெயின் சுத்தம், கீசர், ஸ்விட்ச், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி எல்லாம் உங்கள் தலையில்தான். கீசரும் டிரெயினும் அதோடு போச்சு. பெயிண்ட் எங்கள் பக்கம், சரி. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொண்டால் அதன்படி என்றும் அதே சட்டம் சொல்கிறது. அக்ரிமெண்டில் அந்த ஒரு மாத வாடகை இருந்ததா, இல்லையா?

வேளச்சேரிவாசி:
இருந்தது. அந்த வரி இல்லாத அக்ரிமெண்ட் சென்னையில் எத்தனை சார் கிடைக்கும்? அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் சட்டத்தில் உண்டு. அங்கேயும் ‘ஒப்பந்தம் வேறாக இருந்தால் தவிர’. நான் கொடுத்தது கிட்டத்தட்ட ஏழு மாத வாடகை. பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள் இருக்கும்போது வீடு தேடுபவன் எந்த வரியை அடிக்கச் சொல்வான்?

பைப்புக்காரன்:
நான் பதினெட்டு வருடமாக பிளம்பிங் வேலை பார்க்கிறேன். அட்டவணை எழுதியவர்கள் நம் ஊர் போர் தண்ணீரைக் குடித்திருக்க மாட்டார்கள். கீசரைக் கழற்றினால் உள்ளே தண்ணீரைச் சுடவைக்கும் ஹீட்டிங் காயில் மேல் உப்பு முட்டை ஓடு மாதிரி படிந்திருக்கும், தட்டினால் உதிரும். மூன்று வருடம் இந்தத் தண்ணீரில் ஓடினால் காயில் போகத்தான் செய்யும், அதில் குடியிருந்தவர் செய்த தப்பு என்ன? டிரெயினும் அப்படித்தான். சோறு, எண்ணெய், டீத்தூள் வந்தால் குடியிருந்தவர் கணக்கு. பைப்பையே வாட்டம் இல்லாமல் போட்டிருந்தால் ஓனர் கணக்கு. ஸ்பிரிங் விட்டு அடைப்பை எடுக்கும்போது எங்களுக்குத் தெரிந்துவிடும், யாரும் கேட்பதில்லை. அப்புறம் அந்த ஆசிட். தயவுசெய்து யாரும் போடாதீர்கள். டைல்ஸ் நடுவில் இருக்கும் பூச்சு கரைந்து, அடுத்து வருகிறவருக்கு இன்னும் சீக்கிரம் கறை ஏறும்.

மடிப்பாக்கம் ஓனர்:
உப்பை நானா தண்ணீரில் கலக்கிறேன்? எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். போன தடவை காலி செய்தவர்கள் ஹாலில் மட்டும் முப்பத்தோரு ஆணி அடித்திருந்தார்கள், எண்ணினேன். அடுப்பு மேல் சுவரில் விரல் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. பட்டி பார்த்து இரண்டு கோட் அடிக்க 38,000 ஆனது. நான் பிடித்தது 14,000. மிச்சம் என் பென்ஷன்.

மேல்மாடி சுமதி:
பெரியவரே, முப்பத்தோரு ஆணி சேதம்தான், மறுக்கவில்லை. ஆனால் சாதாரணத் தேய்மானத்துக்குக் குடியிருந்தவர் பொறுப்பில்லை என்பதும் சட்டத்தில்தான் இருக்கிறது. மூன்று வருடத்தில் வெளுத்த சுவர் தேய்மானம் இல்லாமல் வேறென்ன? எங்கள் வீட்டில் மொட்டை மாடித் தளம் விரிசல் விட்டு இரண்டு மழைக்காலம் ஒழுகியது. படுக்கையறையில் ஒரு பக்கெட், பீரோ மேல் ஒரு குண்டான். வீட்டுக்காரர் செய்யாவிட்டால் நாமே சரிசெய்து வாடகையில் கழிக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. சொல்லிப் பார்த்தேன். ‘பிடிக்கலைன்னா காலி பண்ணும்மா’ என்றார். அவர் கையில் அட்வான்ஸ் இருக்கிறது, என் கையில் குண்டான்.

மடிப்பாக்கம் ஓனர்:
தளம் ஒழுகினால் ஓனர்தான் பார்க்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. தம்பி, ஒன்று செய்யுங்கள். பிடித்த ஒவ்வொன்றுக்கும் பில் கேளுங்கள். செலவு செய்தவனிடம் பில் இருக்கும்.

வேளச்சேரிவாசி:
கேட்டேன் சார். கீசருக்கும் டிரெயினுக்கும் பில் அனுப்பினார், அதை விட்டுவிட்டேன். டைல்ஸ் பணத்தில் பாதி திருப்பித் தருகிறாராம். பெயிண்டுக்கு பில் கிடையாது, ‘அது அக்ரிமெண்ட்’ என்றார். நேற்றுப் பழைய விலாசத்துக்கு ஒரு பார்சல் வந்திருந்தது, வாங்கப் போனேன். புதிதாகக் குடிவந்தவர்கள் பால் காய்ச்சி இரண்டு நாள் ஆகிறது. வாசலில் நின்றபடியே தெரிந்தது, ஹால் சுவரில் என் மகன் உயரத்தை வருடா வருடம் குறித்த பென்சில் கோடுகள் மூன்றும் அப்படியே இருந்தன.